துணிக்குள் இருக்கும் பூச்சி

மேற்கு ஆஃப்ரிக்க நாடான கானாவில் 'ஹைலைஃப்' என்று ஒரு நடன இசை உண்டு, அந்தப் பாட்டுகளைப் புதிதாகக் கேட்க ஆரம்பித்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: கிட்டார் இவ்வளவு இனிமையாக ஓடுகிறது, கால் தானாகத் தாளம் போடுகிறது, ஆனால் வரிகளுக்கு அர்த்தம் தேடினால் சாவு, அனாதை, பொறாமை, சூனியக்காரி என்றே வருகிறது, இது ஏன்? வெறும் மூடநம்பிக்கையா? இப்போது வரும் தேவாலயப் பாட்டுகளிலும் அதே கதைதானா? நாலு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம், ஏனென்றால் 'சூனியக்காரி' என்று தமிழில் எழுதிய உடனே நம் மனதில் வருவது வேறு ஆள். கானாவின் தென்பாதியிலும் பக்கத்து ஐவரி கோஸ்ட்டிலும் வாழும் அசாந்தே, ஃபான்டே, அக்யெம், க்வாஹு, போனோ போன்ற பல குழுக்களுக்குச் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் அகான். அவர்களில் பெரும்பாலோர் பேசும் ட்வி மொழியில் இந்தச் சக்திக்குப் பெயர் 'பயி' ('பஸ்' என்பதில் வரும் 'ப' போல உச்சரிக்க வேண்டும்). அதை வைத்திருப்பவர் 'ஒபயிஃபோ'. நம் ஊர்ச் செய்வினைக்கு மந்திரவாதி வேண்டும், தகடு வேண்டும், எலுமிச்சை வேண்டும், கூலி வேறு. பயிக்கு இதெல்லாம் கிடையாது. அது ஆளுக்கு உள்ளேயே இருக்கும் ஒன்று. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரலாம், ஒரு மணிமாலையோடு சேர்ந்து வரலாம், யாரோ கொடுத்த சாப்பாட்டின் வழியாகக்கூட வரலாம். தன்னிடம் அது இருப்பது தெரியாமலே வைத்திருப்பவர்களும் உண்டு என்பார்கள். மருந்து வைத்துக் கெடுப்பது, மந்திரித்துக் கெடுப்பது என்பதற்கெல்லாம் அங்கே தனிச் சொற்கள் இருக்கின்றன. அதனால் செய்வினை, ஏவல், பில்லி என்று நாம் மொழிபெயர்த்தால் பாட்டு பாதி புரியாமல் போய்விடும்.

இரவில் என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு சித்திரம் உண்டு. உடம்பு பாயில் கிடக்கும், உள்ளே இருப்பது வெளியேறி ஒளி வீசிக்கொண்டு பறக்கும், இலவ மரம், இரோக்கோ மரம் மாதிரி உயரமான மரத்தின் உச்சியில் கூட்டம் கூடும், அங்கே இறைச்சியைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். அந்த இறைச்சி ஒரு மனிதன். அதிலும் முறை வைத்து, இந்த வாரம் நீ கொண்டுவா, அடுத்த வாரம் நான் கொண்டுவருகிறேன் என்று. கண்ணுக்குத் தெரியாமல் தின்று முடித்த பிறகு அந்த மனிதன் பகலில் மெல்ல மெல்ல நோயில் விழுவான். உயிரை மட்டும்தான் தின்ன வேண்டும் என்றில்லை. கர்ப்பப்பையை எடுத்து வைத்துக்கொள்ளலாம், கையில் காசு தங்காமல் செய்யலாம், படிக்கிற பிள்ளையின் புத்தியை எடுத்துவிடலாம்.

சரி, கொண்டுவரும் அந்த மனிதன் யார்? பாட்டுகளுக்கான சாவி இந்த இடத்தில்தான் இருக்கிறது. சொந்தக்காரன். 1920களில் அசாந்தேக்களிடையே இருந்து அவர்கள் வழக்கங்களைக் குறித்துவைத்த ராட்ரே என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ஒபயிஃபோவின் சக்தி தன் தாய்வழிக் குடும்பத்துக்கு வெளியே பலிக்காது என்று எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு 'அபுசுவா' என்று பெயர். அகான் மக்களில் பெரும்பாலோர் தாய்வழி. அப்பாவிடமிருந்து குணமும் ஆவியும் வரும், ஆனால் ரத்தம், அதாவது 'மோஜா', அம்மாவிடமிருந்துதான். சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மருமக்கள்தாயம் என்றால் போதும். ஆக, ரத்தம் எந்த வழியில் வருகிறதோ அதே வழியில்தான் பயியும் வரும், அதே வழியில்தான் அது கடிக்கவும் செய்யும். முன்பின் தெரியாதவன் உங்களைத் தின்ன முடியாது. சித்தி தின்னலாம், பாட்டி தின்னலாம். பெற்ற தாய்கூடத் தின்னலாம்.

அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது, பாட்டிலும் நாடகத்திலும் லாரிக்குப் பின்னாலும் எங்கேயும் பார்க்கலாம்: உன்னைக் கடிக்கும் பூச்சி உன் துணிக்குள்ளிருந்துதான் கடிக்கும். இன்னொன்று: வீட்டு முற்றத்துக் கூழாங்கல் கிழித்தால் கத்தியைவிட வலிக்கும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, 'அபுசுவா டோ ஃபுனு', குடும்பத்துக்குப் பிணத்தின் மேல்தான் பாசம். உயிரோடு இருக்கையில் மருந்துக்குக் காசு தராதவர்கள் செத்த பிறகு பந்தல் போட்டு, சவப்பெட்டிக்கு அலங்காரம் செய்து, கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டி வந்து நிற்பார்கள் என்ற எரிச்சல் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. கானாவில் இறுதிச்சடங்கு எவ்வளவு பெரிய செலவு என்று தெரிந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்.

இந்தப் பயம் ஆதிகாலத்திலிருந்து அப்படியே மாறாமல் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1879-இல் டெட்டே க்வார்ஷி ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கோக்கோ விதை கொண்டுவந்து அக்வாபிம் மலையில் நட்டார், 1911-இல் கோல்ட் கோஸ்ட் (கானாவின் காலனிக்காலப் பெயர்) உலகிலேயே அதிகம் கோக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. முப்பதே வருடம். நேற்று வரைக்கும் எல்லோரும் ஒரே மாதிரி இருந்த வீட்டில் ஒருவன் தகரக் கூரை போடுகிறான். அவனுடைய மனைவியும் மகன்களும் தோட்டத்தில் முதுகு ஒடிய வேலை செய்தார்கள், ஆனால் அவன் செத்தால் தோட்டம் அக்கா மகனுக்கு. மகன் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்தப் பக்கம் மருமகன், 'மாமா எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் மகனின் படிப்புக்குக் கொட்டுகிறாரே' என்று பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டு பக்கமும் கண் சிவந்திருக்கிறது. பொறாமைக்கு ட்வி மொழியில் உள்ள சொல்லைப் பிரித்தால் உடம்பு நோவு என்று பொருள் வரும். நமக்கு வயிறு எரிகிறது, அவர்களுக்கு உடம்பே நோகிறது. 1985-இல் அரசாங்கம் உயில் எழுதாமல் செத்தவரின் சொத்துக்கு ஒரு சட்டம் போட்டது: குடியிருக்கும் வீடும் வீட்டுச் சாமான்களும் மனைவி மக்களுக்கு, மிச்சம் இருப்பதில் பதினாறில் ஒன்பது பங்கு பிள்ளைகளுக்கு, மூன்று பங்கு மனைவிக்கு, எட்டில் ஒன்று பெற்றவர்களுக்கு, இன்னொரு எட்டில் ஒன்றுதான் வழக்கப்படி குடும்பத்துக்கு. காகிதத்தில் தீர்ந்தது. பாட்டில் தீரவில்லை.

கோக்கோ பணம் வந்த அதே காலத்தில்தான் சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் புதுப்புதுக் கோயில்களும் முளைத்தன. அதில் பெரிதாகப் பரவிய ஒன்றை 1908-இல் காலனி அரசு தடை செய்தது. அதன் பெயர் 'அபெரெவா'. அதற்கு அர்த்தம் கிழவி. கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அகான் நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன், 'கிழவியைக் கேட்டுவிட்டு வருகிறோம்' என்று எழுந்து தனியே போவார்கள், அறிவின் பெயரே அங்கே கிழவிதான். சூனியக்காரி என்று சந்தேகம் விழுவதும் கிழவி மேல். சூனியக்காரியைப் பிடிக்க வந்த சாமிக்கும் அதே பெயர். 1920களில் ஒன்று வந்தது, தடை செய்தார்கள், 1940களில் வடக்கிலிருந்து 'டிகாரே' வந்தது. 1950களில் அசாந்தே கிராமத்துக் கோயில்களில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்த மார்கரெட் ஃபீல்ட் என்ற மானிடவியலாளர் (மனநல மருத்துவமும் படித்தவர்) இன்னொன்றைக் கண்டார்: 'நான்தான் சூனியக்காரி, என் பிள்ளைகளை நானே தின்றுவிட்டேன்' என்று தாமாகவே வந்து சொல்லும் பெண்களில் பலருக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு. இதை மறக்காமல் வைத்திருங்கள், பாட்டுகளில் இந்தக் குரல் வரவே வராது.

இப்போது இசைக்கு வருவோம். கடலோரத் துறைமுகங்களில் லைபீரியாப் பக்கத்து க்ரூ மாலுமிகளிடமிருந்து கற்ற இரண்டு விரல் கிட்டார் வாசிப்பு, உள்நாட்டில் 'செப்ரெவா' என்ற பழைய நரம்பிசைக் கருவியின் வாசிப்போடு கலந்து, பனங்கள் கடைகளில் வளர்ந்தது. 1928-இல் க்வாமே அசாரேயின் குமாசி ட்ரியோ லண்டன் போய் இசைத்தட்டு பதிந்தது, அதில் வந்த 'யா அம்போன்சா' மெட்டு இன்றைக்கும் ஹைலைஃப் கிட்டாரின் பாலபாடம். அப்புறம் 1952-இல் ஈ. கே. ந்யாமே தன் கிட்டார் குழுவையும் 'கான்சர்ட் பார்ட்டி' எனப்படும் ஊர் ஊராகப் போகும் நாடகத்தையும் ஒன்றாக்கி, ஆங்கிலத்தைக் கழற்றிவிட்டு ட்வியிலேயே நடத்தினார். எனக்குத் தெரிந்து பயி பாட்டுக்குள் வசதியாக வந்து உட்கார்ந்தது இந்த மேடையில்தான்.

அந்த இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மதியமே குழுவின் வண்டி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும். முற்றத்துக்கு முன்னால் பெரிய பலகைகளில் வரைந்த படங்கள்: பாம்பு, தேவதூதன், வாயில் ரத்தத்தோடு ஒரு கிழவி, ஒருவனைப் பாதி விழுங்கிய ராட்சதன். இரவில் முதலில் வெறும் ஆட்டம், ஹைலைஃப் ஓடும். நள்ளிரவு நெருங்கும்போதுதான் நாடகம் ஆரம்பிக்கும், விடியும் தறுவாய் வரைக்கும் போகும். பெண் வேஷமும் பெரும்பாலும் ஆண்கள்தான். மாற்றாந்தாய் கொடுமைப்படுத்தும் அனாதைப் பிள்ளை மேடையில் முழங்காலிட்டு ஒரு பாட்டு எடுப்பான், கூட்டத்தில் பெண்கள் அழுதபடியே மேலே ஏறி அவன் நெற்றியில் காசை ஒட்டிவிட்டு வருவார்கள். நம் ஊர்த் தெருக்கூத்தில் துகிலுரியும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களே, கிட்டத்தட்ட அந்த நிலை. ஆனால் நாடகத்தின் பாட்டு அங்கேயே நிற்காது. அதுதான் அடுத்த மாதம் இசைத்தட்டாக வரும், வானொலியில் போகும், மதுக்கடையில் ஒலிக்கும். நாடகம் பார்க்காத ஆளுக்கு அந்த அனாதையின் புலம்பல் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

இனி வரிகள். தனித்தனிப் பாட்டின் பெயர் சொல்லாமல், அடிக்கடி வரும் அமைப்பை மட்டும் சொல்கிறேன். பாடுகிறவன் 'நான்' என்று ஆரம்பிப்பான். நான் உழைத்தேன், பயணம் போனேன், எதுவும் நிற்கவில்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அம்மா போய்விட்டாள். இது என் தலைவிதியா ('க்ரா', அதாவது உயிர், பூமிக்கு வரும் முன் கடவுளிடம் சொல்லிவிட்டு வந்த விதி என்பது அவர்கள் கணக்கு), அல்லது 'யாரோ' என்னை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்களா? நான் என்ன தப்பு செய்தேன்? வீட்டாரே, நீங்களே சொல்லுங்கள்.

இந்த 'யாரோ' இருக்கிறதே, அதுதான் முக்கியமான சொல். ட்வியில் 'ஒபி'. பயி என்ற சொல் நேரடியாக வரும் பாட்டுகளும் உண்டு, ஆனால் வராத பாட்டுகளில்தான் அது அதிகம் இருக்கிறது என்பேன். 'ஒபி' என்பார்கள், 'பகைவர்கள்' என்பார்கள், 'வீட்டில் இருப்பவர்' என்பார்கள், 'என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்' என்பார்கள். கேட்கிறவனுக்குப் புரியும். வெளியாள் அகராதியை வைத்துக்கொண்டு தேடினால் வெறும் சோகப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? ஒன்று, நடைமுறைக் காரணம். ஒருத்தியை ஒபயிஃபோ என்று வாயால் சொல்லிவிட்டால் அது சாதாரண வசவு இல்லை. ஊர்த் தலைவர் முன்னால் வழக்காகிவிடும், நிரூபிக்க முடியாவிட்டால் சொன்னவன் ஆடும் மதுவும் தண்டம் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டி வரும். இன்னொன்று, அகான் பேச்சுக் கலையிலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, 'அகுடியா'. நம் மொழியில் 'ஜாடை பேசுவது' என்றால் கச்சிதமாக இருக்கும். மாமியார் பூனையைத் திட்டினால் மருமகளுக்குப் புரிய வேண்டும், ஆனால் மருமகள் சண்டைக்கு வந்தால் 'நான் பூனையைத்தானே சொன்னேன்' என்று சொல்லிவிடலாம், அந்த வித்தை. அங்கே அதை ஒரு திறமையாகவே மதிக்கிறார்கள், நேராகப் பேசுகிறவனைப் பேசத் தெரியாதவன் என்பார்கள்.

ஜாடைப் பாட்டின் உச்சம் எது என்றால் சூனியத்தைப் பற்றியதே இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். க்வாஹு பகுதி ஓபோவில் பிறந்து 1963-இல் ஆஃப்ரிக்கன் பிரதர்ஸ் என்ற குழுவைத் தொடங்கிய நானா அம்பாடு, 1967-இல் 'எபி டே யியே' என்று ஒன்று பாடினார், 'சிலர் வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று பொருள். மிருகங்களின் கூட்டம் நடக்கிறது, சின்ன மானுக்குப் பின்னால் சிறுத்தை உட்கார்ந்து அதன் வாலை மிதித்துக்கொண்டிருக்கிறது, மான் வாயைத் திறந்தால் 'சும்மா இரு' என்கிறது. கடைசியில் மான் எழுந்து தலைவரிடம் முறையிடுகிறது: இங்கே சிலர்தான் வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது நாட்டில் ராணுவ ஆட்சி. வானொலியில் அந்தப் பாட்டு சில காலம் காணாமல் போனது. யாரையும் பெயர் சொல்லவில்லை, கேட்டால் அது வெறும் மிருகக் கதை. இதே உத்தியைத்தான் குடும்பத்துக்குள் இருக்கும் சூனியக்காரிக்கும் பாடகர்கள் பயன்படுத்தினார்கள். சிறுத்தைக்குப் பதில் 'ஒபி', மிருகங்களின் கூட்டத்துக்குப் பதில் அபுசுவா. 1973-இல் அம்பாடுவுக்குப் பாடகர்களின் தலைவன் என்று பொருள்படும் 'ஒட்வொன்டொஃபோஹெனே' பட்டம் கிடைத்தது, 2021-இல் காலமானார், இடையில் ஏகப்பட்ட பாட்டு.

அப்படியானால் இவ்வளவு இருட்டான விஷயத்துக்கு ஏன் ஆட்டம் போடுகிறார்கள் என்பது உங்கள் முதல் கேள்வி. இதற்கு மெத்தப் படித்தவர்கள் துயரத்தை ஆட்டத்தால் வெல்வது என்று அழகாக எழுதுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அகான் இறுதிச்சடங்கிலேயே ஆடுகிறார்கள், 'அடோவா' ஆட்டத்தில் கை அசைவால் 'நான் அனாதையாகிவிட்டேன்', 'யாரை நம்புவேன்' என்று சொல்கிறார்கள். ஒப்பாரிக்கும் ஆட்டத்துக்கும் இடையில் அங்கே சுவர் இல்லை. ஹைலைஃப் அனாதை அந்தப் பழைய ஒப்பாரியிலிருந்து நேராக எழுந்து வந்தவன். இன்னொரு எளிய காரணமும் இருக்கிறது: பாட்டு பெயர் சொல்லாததால் சந்தேகப்படுகிறவனும் சந்தேகிக்கப்படுகிறவளும் ஒரே முற்றத்தில், ஒரே பாட்டுக்கு ஆட முடிகிறது. பெயர் சொல்லியிருந்தால் அன்றோடு ஆட்டம் முடிந்திருக்கும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கிட்டார் குழுக்களின் பாட்டுகளை எழுதியவர்கள், பாடியவர்கள், மேடையில் கிழவி வேஷம் போட்டவர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். அதனால் பாட்டில் வரும் ஆபத்து எப்போதும் பெண்ணாக இருக்கிறது: பிள்ளை இல்லாத சித்தி, கணவனின் இன்னொரு மனைவி (அந்த உறவுக்குச் சொல்லும் 'கோரா' என்ற சொல்லே பொறாமையையும் குறிக்கும்), தனியாக வாழும் பாட்டி. ஃபீல்ட் பார்த்த பெண்கள், தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்தவர்கள், அவர்களுக்கு ஒரு பாட்டு எழுத யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டவரை 'நான்' என்று பாடுகிறவன் தின்னப்படுகிறவனே தவிர தின்கிறவள் இல்லை. பெண்களின் சொந்தப் பாட்டு மரபான 'ன்வொன்கொரோ' பக்கத்திலேயே இருந்தது, ஆனால் இசைத்தட்டுக் கடை அதைத் தேடிப் போனது மிகவும் பிந்தித்தான்.

எண்பதுகளில் எல்லாம் கலைந்தது. 1982-இலிருந்து 1984 வரை ஊரடங்கு, இரவு முழுக்க நடக்கும் நாடகத்துக்கு ஊரடங்கு வந்தால் என்ன மிஞ்சும்? 1983-இல் வறட்சி, காட்டுத்தீ, அதே வருடம் நைஜீரியாவிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் கானாக்காரர்கள் துரத்தப்பட்டுத் திரும்பி வந்தார்கள். கலைஞர்கள் பலர் ஜெர்மனிக்குப் போனார்கள். ஜார்ஜ் டார்கோ பெர்லினில் செய்த 'அக்கோ டே ப்ரோஃபோ' (கிளிக்கு இங்கிலீஷ் தெரியும்) அந்த வருடம்தான், 'பர்கர் ஹைலைஃப்' என்ற புது வகை அதிலிருந்து கிளம்பியது. பர்கர் என்றால் தின்பது இல்லை, ஹாம்பர்க்கிலிருந்து வந்த சொல், வெளிநாட்டுக்காரன் என்று அர்த்தம். பயியும் கூடவே கப்பல் ஏறியது. வெளிநாட்டில் பத்து வருடம் இருந்தும் வீடு கட்ட முடியாதவன் காரணத்தைத் தன் சம்பளத்தில் தேடாமல் ஊரில் இருக்கும் சித்தியிடம் தேடினான், ஏனென்றால் அவளுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அனுப்பவில்லை என்ற உறுத்தல் அவனுக்கே இருந்தது. சூனியக்காரிக்கு விசா தேவையில்லை என்று கானாவில் ஒரு கேலி உண்டு. அதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு பேச்சும்: விமானம், தொலைபேசி எல்லாம் 'வெள்ளைக்காரன் பயி', அவன் தன் பயியை வைத்துப் பறக்கும் இயந்திரம் செய்தான், நம் ஆள் தன் பயியை வைத்து அக்கா பிள்ளையைத் தின்கிறான். அரை கேலி, அரை அழுகை.

ஊரிலேயே தங்கிய இசைக்காரர்கள் போன இடம் தேவாலயம். இரவு விடுதி மூடிக் கிடந்தது, இசைக்கருவிக்கு இறக்குமதி வரி ஏறியது, ஆனால் பெந்தெகோஸ்தே சபைகளில் கிட்டார், டிரம்ஸ், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன, ஆராதனைக்குக் கேளிக்கை வரியும் கிடையாது. அதே ஹைலைஃப் மெட்டு, அதே விரல்கள், வேறு வரிகள். உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது: இல்லை, அதே கதை இல்லை. பழைய பாட்டு கேள்வி கேட்டது, 'நான் என்ன செய்தேன், ஏன் இப்படி' என்று. புதுப் பாட்டு கட்டளை போடுகிறது. நெருப்பு இறங்கட்டும், பகைவன் விழட்டும், என்னைக் கட்டிய கட்டு அறுபடட்டும். பழைய பாடகன் குடும்பத்தைப் பார்த்துப் பாடினான், இவர்கள் குடும்பத்துக்கு முதுகைக் காட்டிக் கடவுளைப் பார்த்துப் பாடுகிறார்கள். விடுதலை ஜெபம் என்று நம் ஊர்ச் சபைகளில் சொல்வார்களே, அது பாட்டாக வந்தது போல.

எனக்கு இதில் வியப்பாக இருப்பது 'மோஜா' என்ற ஒரே சொல். முன்பு மோஜா என்றால் அம்மா வழி ரத்தம், உன்னை அபுசுவாவோடு கட்டும் ரத்தம், அந்தக் கட்டு இருப்பதால்தான் சூனியக்காரி உன்னைத் தொட முடிகிறது. சபைப் பாட்டில் மோஜா என்றால் இயேசுவின் ரத்தம், அது உன்னை மூடுகிறது, அந்தப் பழைய ரத்தத்திலிருந்து வெட்டி எடுக்கிறது. சொல்லை மாற்றாமலே உறவை மாற்றிவிட்டார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் கொண்ட சின்னக் குடும்பமாக வாழ ஆசைப்பட்டு, சித்தி மகன் படிப்புச் செலவைத் தட்டிக்கழிக்க நல்ல காரணம் தேடிக்கொண்டிருந்த நகரத்துக்காரனுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். சித்தி கெட்டவள் என்றால் பணம் அனுப்பாததில் பாவம் இல்லை. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ என்னவோ, ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. ஒரு நல்ல விஷயமும் நடந்தது: சபை வழியாகப் பெண்கள் பெருவாரியாக மைக்கைப் பிடித்தார்கள், கிட்டார் குழுக்களில் விரல்விட்டு எண்ணும்படி இருந்தவர்கள் இன்று சபைப் பாட்டின் முக்கியக் குரல்கள். பகைவனை மட்டும் அவர்களும் விடவில்லை.

ஹைலைஃபோடு ராப் கலந்த ஹிப்லைஃப் பற்றி ஒரு வரி. தொண்ணூறுகளிலிருந்து வந்த ராப் பையன்கள் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர்களைப் பாருங்கள், ஒருவர் 'ஒப்ராஃபோர்', அரசவையில் தலை வெட்டும் அதிகாரி, இன்னொருவர் 'ஒகொம்ஃபோ' க்வாடே, சாமி ஏறும் பூசாரி. பழைய உலகம் ஆடையாகப் பயன்படுகிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் ரொம்பத் தோண்டத் தேவையில்லை.

இது மூடநம்பிக்கைதானா என்று கேட்டீர்கள். பயி இருக்கிறதா என்றால் என்னைப் பொறுத்தவரை இல்லை. ஆனால் 'மூடநம்பிக்கை' என்று எழுதி மூடிவிட்டால் கோக்கோத் தோட்டம், மருமகன், அனுப்பாத பணம் எல்லாம் அதோடு சேர்ந்து மூடப்பட்டுவிடும். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள், இதெல்லாம் வெறும் உருவகம், நவீன வாழ்க்கையின் மீதான விமர்சனம் என்று மெழுகுவார்கள், அதுவும் சரியில்லை. பாடுகிறவர்கள் உருவகமாகச் சொல்லவில்லை. வீட்டில் அடி வாங்குகிற கிழவிக்கும் அது உருவகம் இல்லை. சூனியக்காரிகள் என்று துரத்தப்பட்ட பெண்கள் வாழும் முகாம்கள் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள், கம்பாகா மாதிரி, அவை வட கானாவில் இருக்கின்றன, மாம்ப்ருசி, டகோம்பா மக்கள் பகுதி, அகான் பகுதி இல்லை. அகான் பகுதியில் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஜெப முகாம்களுக்குக் கொண்டுபோகப்படுவார்கள், அல்லது வீட்டிலேயே பேச்சுவார்த்தை இல்லாமல் கிடப்பார்கள். ஒருவரைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டுவதையே தண்டனைக்குரியதாக்கும் மசோதாவை 2023 ஜூலையில் கானா நாடாளுமன்றம் நிறைவேற்றியது, அப்போதைய அதிபர் அரசியலமைப்புச் சட்டக் காரணம் காட்டிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அந்த மசோதாவின்படி பார்த்தால்கூடப் பழைய ஹைலைஃப் பாட்டு ஒன்றின் மேலும் வழக்குப் போட முடியாது. யார் பெயரும் அதில் இல்லையே. குமாசி நகரில் டிரோட்ரோ எனப்படும் பயணிகள் வேனில் அப்படி ஒரு பாட்டு ஓடினால், முன் இருக்கையில் இருப்பவர் தன் சித்தியை நினைப்பார், ஜன்னலோரம் இருப்பவர் பெரியம்மாவை நினைப்பார், கடைசி வரிசையில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியும் அதே வரியைச் சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு வருவார்.